தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் ஓர் உரை, ஒரு கூத்து: ஏற்பாடு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்துக் கல்லூரிகளில் நிகழ்ச்சிகளுக்குக் குறைச்சலே இல்லை. வேலைவாய்ப்பு முகாம், வங்கிக் கடன் விழிப்புணர்வு, சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். வரலாறு, இலக்கியம், நாட்டார் கலை என்று ஒரு உரையோ கூத்தோ வைப்பதுதான் அபூர்வம். அப்படியே வைத்தாலும் பாதிக் கூட்டம் வகுப்பிலிருந்து வரிசையாக அழைத்து வந்து உட்காரவைத்த கூட்டம், முன் வரிசை முழுக்கப் பொன்னாடைக்குக் காத்திருப்பவர்கள், இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் பேச வந்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது இருபது நிமிடம்.

இதை வேறு மாதிரி நடத்த முடியும். மாணவர் மன்றத்தில் இருப்பவர்கள், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பணம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய தடை இல்லை. தலைப்பு, பஸ் நேரம், கேள்வி நேரம் இந்த மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

1. தலைப்பை இந்த மண்ணிலிருந்து எடுங்கள்

‘இலக்கியத்தில் மனிதநேயம்’ என்று தலைப்பு வைத்தால் பேசுபவருக்கும் வசதி, தூங்குபவருக்கும் வசதி. எதை வேண்டுமானாலும் பேசலாம், எதையும் கேட்காமல் இருக்கலாம். தலைப்பு ஒரு கேள்வியாக இருக்கட்டும், அதுவும் கேட்பவர் தினமும் கடந்துபோகும் இடத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது.

தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடத்தால் எல்லோருக்கும் நெல்லிக்கனி வரை தெரியும், புறநானூற்றின் 91-ஆம் பாட்டு அது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரே ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு வருகிறது என்பது தெரிந்தவர்கள் குறைவு. அசோகர் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கொடுத்தது அந்தக் கல்வெட்டுதான். ‘அசோகருக்குத் தெரிந்த தருமபுரிக்காரர் யார்?’ என்று சுவரொட்டியில் போடுங்கள், வேதியியல் துறை மாணவரும் எட்டிப் பார்ப்பார். அதே கதையின் மறுபக்கமாக ‘தகடூரை அழித்தது யார்?’ என்று இன்னொரு உரை வைக்கலாம். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்கு உரிய சேரன் ‘தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை’ என்றே அழைக்கப்படுகிறான், பாடியவர் அரிசில்கிழார். ஒரே போரை வென்றவன் பக்கத்திலிருந்தும் தோற்றவன் பக்கத்திலிருந்தும் பார்க்கிற வாய்ப்பு இலக்கிய மாணவருக்கு அடிக்கடி வராது.

பொருளாதாரம், வரலாறு படிப்பவர்களுக்கு பாராமகால் இருக்கிறது, நம் பகுதிக்கு அன்றைக்கு இருந்த பெயர் அது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு இந்தப் பகுதி போனபோது கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் இங்கே வந்தவர்தான் தாமஸ் மன்றோ, 1799 வரை இருந்தார். உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறை தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும், அதன் தொடக்க சோதனைகள் நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் உழுத நிலத்தில்தான் நடந்தன என்று யாரும் வகுப்பில் சொல்வதில்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மயிலாடும்பாறை: அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. பிறகு 2025-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து இன்னும் பழைய காலக்கணிப்புகள் வந்தன. தேதியை எப்படிக் கணிக்கிறார்கள், அதில் எதை நம்பலாம், எதைக் கேள்வி கேட்கலாம் என்று இயற்பியல் துறையையும் வரலாற்றுத் துறையையும் ஒரே மேடையில் உட்காரவைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவா பற்றியெல்லாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும், பிறந்தநாள் புகழுரையாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஷ்டமான தலைப்புகளும் இங்கே உண்டு. வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் கிராமம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1992-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மக்களுக்கு இழைத்த கொடுமைக்கு தருமபுரி நீதிமன்றம் 2011-இல் 269 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது, 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டம், சமூகவியல், வரலாறு எதைப் படிப்பவருக்கும் இது பாடம். வைக்கலாம், வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதை உங்கள் முதல் நிகழ்ச்சியாக வைக்காதீர்கள். இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் ஒழுங்காக நடந்து, நிர்வாகத்துக்கு உங்கள் மேல் ஒரு நம்பிக்கை வந்த பிறகு, ஆவணங்களைப் படித்த ஒருவரை அழைத்து வையுங்கள். இறந்த வீரருக்கு நட்ட நடுகல்லைப் பற்றி உரை வைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ‘இந்த வீரன் எங்க ஆளு’ என்று கேள்வி நேரத்தில் யாராவது எழுவார்கள். கல்லில் எழுதியிருப்பது என்ன, எழுதாதது என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரையே கூப்பிடுங்கள்.

2. தேதியும் பஸ் நேரமும்

நம் மாணவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர்கள். பல ஊர்களுக்கு மாலையில் ஒரே ஒரு வண்டிதான். மாணவிகளுக்கு 2021-இலிருந்து அரசு நகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது, அந்த வண்டியைத் தவறவிட்டால் தனியார் பஸ்ஸுக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டும், வீட்டில் பதில் சொல்லவும் வேண்டும். ஆகவே ‘மாலை 4 மணிக்கு உரை’ என்று அழைப்பிதழ் அடித்தால் மாணவிகள் வர வேண்டாம் என்று நீங்களே சொன்ன மாதிரிதான். மூன்றரைக்கு மேல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கும் கூட்டத்தின் முன்னால் எவ்வளவு பெரிய பேச்சாளரும் தோற்றுப்போவார்.

காலை 11 முதல் 1 மணி வரை நல்ல நேரம். ஷிஃப்ட் முறை உள்ள கல்லூரியில் இரண்டு ஷிஃப்ட்டும் சந்திக்கிற நேரத்தைப் பாருங்கள். மாதங்களில் ஜூலை, ஆகஸ்ட், பிறகு ஜனவரிப் பிற்பாதி, பிப்ரவரி. உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரத்தைத் தொடவே கூடாது. ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள்களில் தருமபுரியில் ஆள் கிடைக்காது, பாதிப் பேர் ஒகேனக்கல்லில் இருப்பார்கள். அப்புறம், யாரும் பார்க்க மறக்கிற ஒன்று: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலையில் நிறுத்தினால் மதியத்துக்கு மேல்தான் வரும். உங்கள் துணைமின் நிலையத்துக்கு அது எந்தத் தேதி என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு அழைப்பிதழ் அடியுங்கள்.

3. அனுமதி

வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: தலைப்பு, பேச்சாளர் யார், தேதி, நேரம், எந்த அரங்கு, எத்தனை பேர், செலவு எங்கிருந்து. துறைத்தலைவர் வழியாக முதல்வருக்குப் போகட்டும். பெரியார் பல்கலைக்கழகத்தின் பைசுஅள்ளி மையம் போன்ற இடங்களில் நடைமுறை கொஞ்சம் மாறும், அலுவலகத்தில் கேட்டால் பழைய கடிதம் ஒன்றைக் காட்டுவார்கள், அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். கையெழுத்தான நகலை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அரங்கச் சாவி வைத்திருப்பவரிடம் காட்டத் தேவைப்படும்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி என்றால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, கூத்து வைக்க நினைப்பவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

4. பணம்

ஒரு உரைக்குத் தேவைப்படுவது பயணச் செலவு, மதிப்பூதியம், டீ, ஒரு பேனர், அவ்வளவுதான். பேனரையும் தேதி போடாமல் ‘வரலாற்று மன்றம்’ என்று பொதுவாக அடித்துவிட்டால் மூன்று வருடம் ஓடும். துறை மன்ற நிதி, பெற்றோர் ஆசிரியர் கழகம், பழைய மாணவர்கள் என்று மூன்று கதவையும் தட்டுங்கள். ஒரே ஒருவரிடம் மொத்தப் பணத்தையும் வாங்கினால் மேடையில் அவருக்கு நாற்காலி, மைக், வாழ்த்துரை எல்லாம் கொடுக்க வேண்டிவரும், அதனால் சின்னச் சின்னத் தொகையாகப் பலரிடம் வாங்குவது நல்லது.

பெரிய அளவில் கருத்தரங்கு என்றால் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் அறிவிப்புகளைப் பார்த்து விண்ணப்பிக்கலாம், பல மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை அது. சாகித்ய அகாதெமி கல்லூரிகளோடு சேர்ந்தும் நிகழ்ச்சி நடத்துகிறது. கலைநிகழ்ச்சிக்குச் சேலத்தில் இருக்கும் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தைக் கேளுங்கள், நம் இரண்டு மாவட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையமும் இருக்கிறது. முதல் நிகழ்ச்சிக்கு இவ்வளவு தூரம் ஓட வேண்டாம் என்பேன்.

ரசீது விஷயத்தில் கவனம். 5,000 ரூபாய்க்கு மேல் யாருக்குக் கொடுத்தாலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நாலு ஸ்டாம்ப் எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

5. பேச்சாளரை அழைப்பது

பெயர் பெற்றவரைவிட அந்தத் தலைப்பில் கையை அழுக்காக்கிக்கொண்டவர் மேல். நடுகல்லைப் பற்றிப் பேச, காடு மேடாக அலைந்து கல் கண்டுபிடித்த ஒரு பள்ளி ஆசிரியர் நம் மாவட்டத்திலேயே கிடைப்பார். தருமபுரி, கிருஷ்ணகிரி புத்தகத் திருவிழாக்களுக்குப் போய் மாலை உரைகளைக் கேளுங்கள், எவர் ஒரு மணி நேரம் கூட்டத்தைப் பிடித்து வைக்கிறார், எவர் சிரிப்புத் துணுக்கு சொல்லியே தப்பிக்கிறார் என்று நேரிலேயே தெரிந்துவிடும்.

தொலைபேசியில் பேசும்போதே நான்கு விஷயங்களை உடைத்துச் சொல்லிவிடுங்கள்: எவ்வளவு நேரம், கேட்பவர்கள் யார், எவ்வளவு மதிப்பூதியம், கேள்வி நேரம் உண்டு என்பது. ‘ஐயா, எங்களால் இவ்வளவுதான் முடியும், போக்குவரத்து தனி’ என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. கவரில் என்ன இருக்கும் என்று தெரியாமல் வந்து போகிறவர்தான் அடுத்த முறை ‘பார்க்கலாம்’ என்பார். பிறகு இதையே நான்கு வரியில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

பயணம் நீங்கள் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. சென்னைக்காரரிடம் ‘தருமபுரி ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். தருமபுரி நிலையம் சேலத்திலிருந்து ஓமலூர், ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதையில் இருக்கிறது. சென்னை - சேலம் ரயில்கள் ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகப் போகின்றன. மொரப்பூரில் நிற்கிற வண்டியில் டிக்கெட் எடுத்து, அங்கே ஒரு மாணவரை அனுப்பி அழைத்து வாருங்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை, அங்கே சென்னையிலிருந்து வேலூர், வாணியம்பாடி வழியாகப் பஸ்தான். பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வருபவர்களுக்குக் கவலையில்லை, 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராக வந்துவிடலாம். வண்டி பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுமா, ஊருக்குள் வருமா என்று மட்டும் நடத்துனரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

6. அரங்கு

சின்ன அறை பெரிய அரங்கைவிட நல்லது. எண்பது பேர் நெருங்கி உட்கார்ந்தால் கூட்டம், அதே எண்பது பேர் ஐந்நூறு நாற்காலி அரங்கில் காலி வீடு. முந்தின நாளே மைக்கைப் போட்டுப் பாருங்கள், கேள்வி கேட்பவர்களுக்கு இரண்டாவது மைக் கட்டாயம் வேண்டும். பேச்சாளர் படங்கள் காட்டுவதாக இருந்தால் கோப்பை பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைடு நம் கல்லூரிக் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். கல்வெட்டுப் படம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்க வழி பாருங்கள், இரண்டு போர்வை போதும்.

7. மேடை நிரலும் கேள்வி நேரமும்

நிகழ்ச்சி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, மூன்று வாழ்த்துரை, அறிமுகவுரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப்பரிசு, குழுப்படம். ஒரு மணி நேரம் போச்சு. யாரையும் புண்படுத்தாமல் இதைக் குறைக்க வழி உண்டு. முதல்வரைத் தலைமையுரைக்குப் பதிலாகப் ‘பேச்சாளரை அறிமுகம் செய்து வையுங்கள் ஐயா’ என்று கேளுங்கள், ஒரே உரையில் இரண்டு காரியம் முடியும். முன்னிலை வகிப்பவர்களின் பெயர் அழைப்பிதழில் பெரிதாக இருக்கட்டும், மேடையில் நாற்காலி இரண்டு மட்டும். பொன்னாடைக்குப் பதில் ஒரே ஒரு புத்தகம், அதுவும் பேச்சாளருக்கு மட்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடி, பதிவை ஓடவிடாமல் மாணவர்களே பாடட்டும். வரவேற்பு இரண்டு நிமிடம். அறிமுகம் மூன்று நிமிடம், பேச்சாளர் வாங்கிய விருதுகளைப் படிக்காமல் அவர் இந்தத் தலைப்பில் என்ன செய்திருக்கிறார் என்று மட்டும். உரை 45 நிமிடம். கேள்வி 40 நிமிடம். நன்றியுரை ஒரு நிமிடம், மைக் செட்காரர் பெயரும் அதில் வரட்டும். நாட்டுப்பண்.

கேள்விக்கு 40 நிமிடமா என்று கேட்பார்கள். ஆமாம். நம் மாணவர்களில் பலர் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள். மைக்கைப் பிடித்து ஒரு பெரியவரைக் கேள்வி கேட்பது அவர்களுக்கு இதுவரை வாய்க்காத விஷயம், முதல் பத்து நிமிடம் யாரும் எழமாட்டார்கள், அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு ‘கேள்வி இல்லை, நன்றியுரை’ என்று முடித்துவிடுவதுதான் நடக்கிறது. உரை தொடங்கும்போதே எல்லோருக்கும் கால் தாள் கொடுத்துவிடுங்கள். பெயர் வேண்டாம், தோன்றுகிற கேள்வியை எழுதச் சொல்லுங்கள். உரை முடிந்ததும் சேகரித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சபையில் படியுங்கள். மூன்று தாளைப் படித்து முடிப்பதற்குள் நாலாவது கேள்விக்கு யாராவது தானாகவே கை தூக்குவார். ஆசிரியர்கள் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று முன்பே அவர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ‘எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று எழுபவரிடம் ஒரு நிமிடம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு நிமிடத்தில் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஒருவர்தான் நெறியாளராக இருக்க வேண்டும். படிப்பு முக்கியம் இல்லை, இந்தத் துணிச்சல் முக்கியம்.

8. கூத்து வைக்கிறீர்களா?

கல்லூரிக் கலைவிழா என்றால் சினிமாப் பாட்டுக்கு நடனம் என்றாகிவிட்டது. அதோடு எனக்குச் சண்டை இல்லை, மாணவர்களுக்கு அது வேண்டும். ஆனால் வருடத்தில் ஒரு நாள் தெருக்கூத்து வைத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் சின்ன வயதில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டே பார்த்தவர்கள் நம் மாணவர்களில் நிறையப் பேர். அவர்கள் ஊர்க் கலையை அவர்கள் கல்லூரி மதித்து அழைக்கிறது என்பதே அவர்களுக்குப் புதிது.

பங்குனி முதல் வைகாசி வரை குழுக்களுக்குக் கோயில் ஆட்டம் தொடர்ச்சியாக இருக்கும், அப்போது கேட்காதீர்கள். குழுவை நடத்தும் கூத்து வாத்தியாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் முடிக்கிற காரியம் இல்லை இது. விடிய விடிய ஆடுகிற கூத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்க வேண்டும், எதைச் சுருக்குவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ‘கர்ண மோட்சம் முழுசும் வேண்டாம், பொன்னுருவியும் கர்ணனும் பேசுகிற இடம் மட்டும் போதும்’ என்பது போன்ற பேச்சு அவரோடு நடத்தத் தெரிய வேண்டும், அதற்காகவாவது ஒரு கூத்தை முழுதாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒப்பனைக்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மின்விசிறி, கண்ணாடி, தண்ணீர், கழிப்பறை உள்ள அறை கொடுங்கள். முகத்தில் அரிதாரம் பூசுவதையும் மர அணிகளான கட்டைகள் கட்டுவதையும் வாத்தியார் சம்மதித்தால் இருபது மாணவர்கள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். கூத்தைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம் என்றுகூடச் சொல்வேன். உயர மேடை வேண்டாம். மரத்தடியிலோ மைதான மூலையிலோ சமதரையில், மூன்று பக்கமும் மாணவர்கள் தரையில் உட்கார்ந்தால்தான் கதையை நடத்திச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் கூட்டத்துக்குள் புகுந்து ஒருவரைக் கிண்டல் செய்ய முடியும். முதல்வரையும் கிண்டல் செய்வார், முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். மதிய வெயில் ஆகாது, காலை 9 மணிக்குத் தொடங்கினால் 11-க்குள் முடித்துக்கொள்ளலாம். பிறகு அரை மணி நேரம் கலைஞர்கள் வேஷத்தோடேயே மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

கூலி விஷயம். பேராசிரியருக்குக் கவரும் கலைஞருக்குப் பேரமும் என்று இருக்கக் கூடாது. குழுவில் எத்தனை பேர், வேன் எவ்வளவு, சாப்பாடு எத்தனை வேளை என்று பேசி முடித்த தொகையை ஆட்டம் முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். கல்லூரிக் கணக்கில் காசோலை வர ஒரு மாதம் ஆகும் என்றால் உங்களில் ஒருவர் முன்பணம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். வேன் வாடகையும் ஒப்பனைச் சாமானும் அவர்கள் கடன் வாங்கிச் செய்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள், தணிக்கைக்கு உதவும். அட்டை இல்லை என்பதற்காக யாரையும் ஒதுக்க வேண்டாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் இன்னொரு யோசனை: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பேசுகிற மாணவர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வீட்டில் பாட்டி பாடும் தாலாட்டை ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பாடிப் பொருள் சொல்கிற ஒரு மதியம். செலவு டீக்கு மட்டும்தான்.

9. வெளியே அழைத்துப் போவது

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. தருமபுரியில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். உரை கேட்ட அதே வாரத்தில் முப்பது பேரை அங்கே அழைத்துப் போங்கள், நாற்பது ஐம்பது வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் கல் தெரியாது. எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. சாய்வாக டார்ச் அடித்தாலே எழுத்து எழும்பித் தெரியும். தாளில் படியெடுக்க அருங்காட்சியகத் துறை அனுமதியும் பழகிய கையும் வேண்டும்.

10. முடிந்த பிறகு

கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவுக்கு (IQAC) இடம், நேரம் பதிவான புகைப்படம், வருகைத் தாள், அழைப்பிதழ், ஒரு பக்க அறிக்கை கேட்பார்கள். அன்றே கொடுத்துவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள். வருகைத் தாளைக் கடைசியில் சுற்றுக்கு விடுங்கள், தொடக்கத்தில் விட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களைத் தடுக்க முடியாது.

பேச்சாளர் சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்து, இரண்டு மாணவர்கள் கேட்டுத் தட்டச்சு செய்யட்டும், கேள்விப் பகுதியும் சேர்த்து. அச்சாக்க அவசரமில்லை, துறை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும். பதில் சொல்ல நேரமில்லாமல் போன கேள்வித் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த உரைக்கான தலைப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பேச்சாளருக்கு இரண்டு நல்ல படமும் ஒரு நன்றிக் கடிதமும். கூத்து வாத்தியாருக்கு ஆட்டத்தின் வீடியோவை வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பாமல் பென்டிரைவில் முழுசாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்த வருடத் தேதியையும் அப்போதே பேசி வைத்துவிடலாம்.